பேர் சொல்லக் கூடாத தழை

எங்கள் வீட்டில் குளித்த தண்ணீர் ஓடி நிற்கும் மூலையில் கீழாநெல்லி தானாகவே முளைக்கும். யாரும் விதைத்ததில்லை. ஒரு மழை பெய்தால் போதும், பத்து நாளில் ஒரு சாண் உயரத்துக்கு வந்து நிற்கும். கத்தரிச் செடிக்குக் களை எடுக்கும்போது அம்மா மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு அதை மட்டும் விட்டுவிடுவாள். கிளையைத் திருப்பிப் பார்த்தால் இலைகளுக்கு அடியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை உருண்டைகள் வரிசையாகத் தொங்கும். பொழுது சாய்ந்தால் இலைகள் கை கூப்புவதுபோல் மூடிக்கொள்ளும்.

வெயில் காலத்தில் எனக்கு நீர்க்கடுப்பு வந்தால் அம்மா ஒரு கைப்பிடியை அரைத்து மோரில் கலக்கித் தருவாள். சொறி வந்தால் உப்பு வைத்து அரைத்துப் பூசி, காய்ந்த பிறகு குளிக்க விடுவாள். வேரை நல்லெண்ணெயில் போட்டுக் காய்ச்சித் தலைக்கு வைத்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்பாள். அப்போதெல்லாம் அதற்குப் பெயர் உண்டு. "போய் நாலு கீழாநெல்லி பறிச்சிக்கினு வா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வாள்.

மஞ்சள் காமாலைக்கு என்று வந்துவிட்டால் மட்டும் அந்தப் பெயர் போய்விடும். வெறும் 'தழை' ஆகிவிடும். சூரியன் கிளம்புவதற்கு முன்னால் பிடுங்க வேண்டும். பிடுங்குகிறவருடைய நிழல் செடியின்மேல் விழக் கூடாது. இரும்பு படக் கூடாது. மருந்து வாங்கியவர் காசு கொடுக்கக் கூடாது, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அதன் பெயரைச் சொல்லக் கூடாது. நோய்க்குக் காது உண்டு. தன்னை விரட்ட வருவது எது என்று தெரிந்துவிட்டால் அது இறங்காமல் உட்கார்ந்துகொள்ளும். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் இதை நம்பாதவர்கள் என்று யாரையும் நான் பார்த்ததில்லை. நானும் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை நம்பினேன்.

பிறகு தாவரவியல் படிக்கப் போனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்ததே நான்தான். அப்பா கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். கமிட்டி என்றால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். எங்கள் ஊரில் கமிட்டி என்றால்தான் புரியும். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் வந்து குவிகிற இடம். அவர் தோளில் ஏறிய மூட்டைகளால்தான் நான் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். கடைசி வருடம் ப்ராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது கீழாநெல்லி. செடியை வேரோடு எடுத்து, காகிதத்துக்கு நடுவில் வைத்து அழுத்தி, காய வைத்து, அட்டையில் ஒட்டி, கீழே விஞ்ஞானப் பெயரை என் கையெழுத்தில் எழுதினேன். 'ஃபில்லாந்தஸ் அமாரஸ்.' அந்த அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினேன். அவர் அதைத் தொடாமல் பார்த்துவிட்டு, "நம்ப சாக்கடை ஓரத்துல இருக்கிறதுக்கா மார்க்கு?" என்று சிரித்தார். அன்று ராத்திரி அதைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியதும் அவர்தான்.

இப்போது நான் விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். தினமும் காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறேன்.

போன மாசி மாதம் அப்பாவுக்குக் காமாலை வந்தது. முதலில் கண்டுபிடித்தது அம்மா. அவர் துண்டில் வேர்வை பட்ட இடம் மஞ்சளாக இருந்தது. ஒருநாள் காலையில் வாசலில் நிறுத்தி, வெளிச்சத்தில் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே போய், தாளிப்பதற்கு அடுப்பில் வைத்திருந்த எண்ணெயை இறக்கிவிட்டாள்.

அன்றே நான் அவரை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பிலிருபின் எண் பதினொன்றில் இருந்தது. டாக்டரம்மா இன்னொரு பரிசோதனையும் எழுதினார். அதில் ஹெபடைடிஸ் பி என்று வந்தது. அவர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், ஆனால் சிலருக்குக் கிருமி உடம்பிலேயே தங்கிவிடும், பல வருஷம் கழித்து ஈரலைச் சுருக்கும், சிலருக்குப் புற்றுநோய்வரை கொண்டுபோய் விடும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருங்கள், எண் அதிகமாக இருக்கிறது. பேச்சு குழறினாலோ, பகலெல்லாம் தூங்கினாலோ, கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு வெடவெடவென்று ஆடினாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள்.

வெளியே வந்து இதில் பாதியை அப்பாவிடம் சொன்னேன். அவர் மீதிப் பாதியைக் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை தழை சாப்ட்டுட்டு, திங்கக்கிழமை நீ சொல்ற எடத்துக்கு வர்றேன்" என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. இரண்டு நாள்தானே என்று நினைத்தேன். தழையால் கெடுதல் வராது என்று எனக்குத் தெரியும், அதைப்பற்றித்தானே நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். ஒத்துக்கொண்டேன்.

மருந்து கொடுக்கிறவர் பிரம்மதேசம் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். நாற்பது வயதுதான் இருக்கும். வாரத்தில் ஆறு நாள் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை காலை மருந்து கொடுத்து முடிக்கும்வரை இரும்பைத் தொடமாட்டாராம். பட்டறையின் ஷட்டரைக்கூட வேறு யாரோதான் தூக்கிவிட்டார்கள். நாங்கள் போனபோது முப்பது பேருக்கு மேல் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றார்கள். விழுப்புரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், கோட்டக்குப்பத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்த ஒரு குடும்பம். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு மூட்டை தூக்கியவர் என் தோளைப் பிடித்து நின்றது எனக்குப் புதுசு.

ஒரு கல்லுரலில் அரைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மூங்கில் கூடை, அதன்மேல் ஈரத்துணி. துணி ஒரு ஓரத்தில் விலகியிருந்தது. நான் பார்த்தேன். கீழாநெல்லிதான். ஆனால் நடுநடுவே சிவப்புத் தண்டுள்ளதும் கிடந்தது. அது வேறு செடி, செங்கீழாநெல்லி. பார்ப்பதற்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்ட மட்டுமே நான் ப்ராஜெக்டில் ஒரு அத்தியாயம் எழுதினேன், அதைத்தான் பேராசிரியர் வகுப்பில் படித்துக் காட்டினார்.

எனக்கு முன்னால் நின்ற பெண், இடுப்பில் குழந்தையோடு, திரும்பி என்னிடம் கேட்டாள்: "இன்னா தழைக்கா அது? புதினா மாதிரி கீது."

"கீழாநெல்லிம்மா" என்றேன். "அதுல ரெண்டு வகை கலந்துபோயிருக்கு. செவப்பா இருக்கிறது செங்கீழாநெல்லி."

வகுப்பில் பேசுகிற குரலில் சொல்லிவிட்டேன். கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல்.

உரல் நின்றது. முன்வரிசையில் ஒரு பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பட்டறைக்காரர் கையில் எடுத்த உருண்டையை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"யாரும்மா பேர் சொன்னது?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்ததே பதிலாகிவிட்டது.

"படிச்ச பொண்ணா?" என்றார். குரலில் கோபம் இல்லை. "எனக்கும் பேர் தெரியும்மா. தெரியாமலா பறிச்சிக்கினு வர்றேன்? செவப்பும் தெரியும். ஒதுங்கி நின்னு எங்கிட்ட வந்து கேட்டிருந்தா கூடையையே காட்டியிருப்பேன். மருந்துக்கு முன்னாடி நின்னு சொல்லக் கூடாது. அவ்ளோதான் சட்டம்."

உரலில் இருந்ததையும் தட்டில் இருந்ததையும் ஒரு துளி விடாமல் வழித்து எடுத்துக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் கொட்டினார். கூடையையும் கவிழ்த்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. மன்னிச்சிக்குங்க" என்று கும்பிட்டார்.

அதற்குப் பிறகு வரிசையில் கேட்டவை எல்லாம் இன்னும் என் காதில் இருக்கின்றன. "டீச்சராம், டீச்சரு. பாடம் எடுக்க வந்துச்சா?" "ஏம்மா, ஒன் அப்பன் கண்ணு மஞ்சளா கீறது தெரியல, செடிதான் தெரிஞ்சிதா?" "கொழந்தைக்கு ராவுல இருந்து பால் குடுக்காம தூக்கிக்கினு வந்தேன், பேஜார் பண்ணிட்டியே!" இதைச் சொன்னது என்னிடம் கேள்வி கேட்ட அதே பெண். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் யாரையும் பார்க்கவில்லை. முருங்கை மரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு, பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன். அப்பா பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"தழை சாப்ட்டுட்டு வர்றேன்னுதானே சொன்னேன். இன்னும் சாப்டலியே" என்றார்.

"அதுக்கு இன்னும் ஆறு நாள் இருக்குப்பா."

"அது யாரால?"

அப்பா அதைக் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. கணக்கு கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டார். அடுத்த வீட்டு அத்தை, அப்பாவின் கூடப் பிறந்தவள், அவள்தான் குத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிற மாதிரி, "நானும் ரெண்டு பொண்ணு பெத்தேன். ரெண்டும் படிக்கல. ரெண்டுக்கும் வாய மூடத் தெரியும்" என்றாள். வேறு நாளாக இருந்தால் அம்மா சும்மா விட்டிருக்கமாட்டாள்.

அந்த ஆறு நாள்தான் என் வாழ்க்கையில் நான் எதற்கும் உதவாமல் இருந்த நாட்கள். உப்பில்லாத கேப்பைக் கூழ், அதையும் பாதி வாந்தி. ராத்திரியும் பகலும் உடம்பைச் சொறிந்துகொண்டே இருந்தார். தேங்காய் நாரால் தேய்த்துவிடச் சொல்வார். சிறுநீரில் ஒரு பிடி சோற்றைப் போட்டு மஞ்சள் ஏறுகிறதா என்று அம்மா பார்ப்பாள். நான் தினமும் டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். அவர் ஒருநாள் கோபமாகவே, "நீங்க படிச்சவங்கதானே, எடுத்துச் சொல்ல முடியாதா?" என்று கேட்டார். எடுத்துச் சொன்னதால்தான் இங்கே நிற்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "வந்தா ஏறமாட்டேன்" என்றார் அப்பா. மூட்டை தூக்குகிறவரை யார் தூக்கி ஏற்றுவது?

பள்ளிக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் அவரைச் சோதிப்பேன். சோதனை என்று தெரியாமல் செய்ய வேண்டும்.

"இன்னிக்கு இன்னா கிழமைப்பா?"

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் கீது."

"கையைக் கொஞ்சம் இப்படி நீட்டுங்க, பஸ்ஸை நிறுத்துற மாதிரி."

"எந்த பஸ்ஸு? விழுப்புரம் போறதா, மெட்ராஸ் போறதா?"

கை ஆடவில்லை. கிண்டல் செய்கிற அளவுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இன்னும் அரைநாள் தள்ளலாம் என்று பஸ் ஏறிப் போவேன். வகுப்பில் அந்த வாரம் தாவரங்களின் பயன்கள் பாடம். ஒரு பிள்ளை, "மிஸ், கீழாநெல்லி எதுக்கு மிஸ்?" என்று கேட்டாள். "புக்கைப் பாரு" என்றேன்.

வியாழக்கிழமை நான் அழுதேன். அம்மா இல்லாத நேரம். அப்பா சுவரோரம் திரும்பிப் படுத்துக்கொண்டே பேசினார்.

"காமாலைன்னா எல்லாருக்கும் வரும்மா. வரும், போவும். நீ சொல்ற பேர் வேற. அந்தப் பேரைக் கமிட்டில சொல்லிப் பாரு. நான் தண்ணி குடிச்ச டம்ளரைத் தொடமாட்டானுங்க. நான் தூக்கின மூட்டையை இன்னொருத்தன் தோள் குடுத்து எறக்கமாட்டான். பெரிய ஆஸ்பத்திரில பேரைச் சத்தமாக் கூப்புடுவாங்க. நம்ப ஊர்க்காரன் ஒருத்தனாவது அங்க இருப்பான்." பிறகு, "அந்தப் பேரையும் நீ எங்கியும் சொல்லிடாத" என்றார்.

அப்போதுதான் அவர் பயம் எது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன? அதற்கும் என்னிடம் மருந்து இல்லை.

சனிக்கிழமை ஒரு பேரம் முடிந்தது. மறுநாள் மருந்து சாப்பிடுவார். மூன்று நாள் பத்தியம். அந்த மூன்று நாளும் நான் நோயைப்பற்றியோ தழையைப்பற்றியோ ஒரு வார்த்தை பேசக் கூடாது. நான்காம் நாள் ஆஸ்பத்திரி. அம்மா என் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டி, "மூணே நாளு. கும்புட்டுக் கேக்கறேன்" என்றாள். அம்மா என்னைக் கும்பிட்டுக் கேட்டது அதுவரை நடந்ததில்லை.

இரண்டாம் ஞாயிறு நான் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்றேன். என்னைக் கண்டுகொண்டவர்கள் நாலடி தள்ளி நின்றார்கள். பட்டறைக்காரர் அப்பாவின் நாக்கில் எலுமிச்சங்காய் அளவு உருண்டையை வைத்தார், ஆட்டுப்பால் ஒரு டம்ளர் கொடுத்தார். அடுத்து என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினோம்.

மூன்று நாளும் நான் பேசவில்லை. கிழமை கேட்கவில்லை, கை நீட்டச் சொல்லவில்லை. டாக்டரம்மாவின் போனை எடுக்கவில்லை. அப்பா தூங்கும்போது மூச்சை எண்ணினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அரிப்பு குறைந்தது. பசிக்கிறது என்றார். நான்காம் நாள் கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிந்தது.

அது தழையால் வந்ததா, தானாகவே இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மா சொன்னபடி பார்த்தால் இரண்டாவதுதான் இருக்க வேண்டும். நாற்பது பக்கம் எழுதியவள் என்பதால் முதலாவதை முழுசாக இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. தெருவுக்கு அந்தக் குழப்பம் எதுவும் இல்லை. "பாத்தியா, வாய மூடினா, எறங்கிச்சி" என்றாள் அத்தை. அன்று எனக்கு ஒரு கிண்ணம் பாயசம்கூடக் கொடுத்தாள். நான் பேசாமல் இருந்ததால் அப்பா பிழைத்தார் என்பதுதான் இன்றைக்கும் எங்கள் தெருவின் வரலாறு. அவர் பிழைத்துக்கொண்டிருக்கும்போது நான் எப்படி மறுப்பது?

ஆஸ்பத்திரிக்கு அவர் வரவில்லை. "நல்லாயிட்டவனை எவன் அட்மிட் பண்ணுவான்?" என்றார். சண்டை போட்டு ஒருமுறை ரத்தம் மட்டும் எடுக்க வைத்தேன். எண் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. கிருமி அப்படியே இருந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அப்போது இல்லையென்றால் அத்தோடு தொல்லை விட்டது. இருந்தால் வாழ்நாள் முழுக்கக் கவனிக்க வேண்டும், மாத்திரைகூடத் தேவைப்படலாம். ஒரே ஒரு ஊசிக் குத்தில் தெரிந்துபோகிற விஷயம்.

அம்மாவும் நானும் பரிசோதித்துக்கொண்டோம். இருவருக்கும் இல்லை. தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொண்டோம். "பொண்ணு ஸ்கூல்ல கேட்டாங்க, கூட நானும் போட்டுக்கினேன்" என்று அம்மா அத்தையிடம் சொன்னாள். அம்மா இவ்வளவு தூரம் வந்ததே பெரிது. அப்பா விஷயத்தில் மட்டும் அவள் வாய் திறக்கமாட்டாள்.

ஆவணியில் ஆறு மாதம் முடிந்தது. அப்பா அசையவில்லை. வேறு வழி தெரியாமல் ஒரு சாயங்காலம் நான் தனியாகப் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சொல்லக் கூடாது என்ற அந்தப் பெயரையும் சொன்னேன். அவர் முகத்தைச் சுளிக்கவில்லை.

"நான் குடுக்கறது கண்ணுல தெரியற மஞ்சளுக்கும்மா. ரத்தத்துக்குள்ள இருக்கிறதுக்கு நான் எங்க போவேன்? ஒங்கப்பாவைக் கூட்டிக்கினு வா. நானே சொல்றேன்."

கூட்டிக்கொண்டு போனேன். அவர் என் எதிரிலேயே, "அண்ணே, என் வேலை முடிஞ்சிது. இனிமே டாக்டர் வேலை. பொண்ணு சொல்றபடி டெஸ்ட் எடுத்துடுங்க" என்று தெளிவாகச் சொன்னார். அப்பா கை கட்டிக்கொண்டு கேட்டார். எனக்கு அப்படியே மனசு லேசாகிவிட்டது. திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு அப்பா சொன்னார்: "பாத்தியா, எவ்ளோ தன்மையான மனுஷன். தன் மருந்தாலதான் சரியாச்சின்னு ஒரு வார்த்த சொல்றாரா பாரு!"

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். "இன்னாம்மா, பெட்ரோல் இல்லியா?" என்று கேட்டார்.

இப்போது அவர் பழையபடி கமிட்டிக்குப் போகிறார். நாலு பேர் சேர்ந்து தூக்குவதைத் தனியாகத் தூக்குவேன் என்று மீசையை முறுக்குகிறார். காமாலை என்று யார் சொன்னாலும் ஞாயிற்றுக்கிழமை தானே கூடப் போய் வரிசையில் நிற்க வைக்கிறார். போன வாரம் ஒருவர் வந்திருந்தார். அப்பா அவரிடம் என்னைக் காட்டி, "என் பொண்ணு இதுலயே படிச்சது, அதுகூட பேர் சொல்லாது" என்று பெருமையாகச் சொன்னார். அந்த ஆளிடம் நான் தனியாக, "பி டெஸ்ட்டும் எடுத்துடுங்கண்ணே" என்றேன். சரி என்றார். எடுத்தாரா என்று தெரியாது.

பரிசோதனைக்கு மூன்றாவது முறையாகத் தேதி வாங்கி வந்திருக்கிறேன். முதல் தேதியன்று லோடு வந்துவிட்டது. இரண்டாவது தேதியன்று, "நாளைக்குப் போலாம்" என்றார். இது வருகிற வியாழக்கிழமை. அப்பாவிடம் சொன்னேன். "பாக்கலாம்மா" என்றார். கமிட்டியில் அன்றைக்கு எத்தனை லாரி வரும் என்பது அன்று காலையில்தான் தெரியும்.